சங்கரன்கோவிலில் அப்பாவுக்கு ஒரு டி.சி.

அறுபத்திரண்டு வயதில் என் அப்பா பள்ளிக்கூடத்தில் சேர வந்தார். சேர்க்க முடியாது என்று திருப்பி அனுப்பியவள் நான்.

பினாங்கில் நான் ஆசிரியையாக இருக்கும் பள்ளியில் பெரியவர்களுக்கு மாலை வகுப்பு நடக்கிறது. துறைமுகத்தில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்ற அப்பா, விட்ட படிப்பை முடிக்கப் போகிறேன் என்று சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு வந்து என் மேசை முன்னால் நின்றார். கடைசியாகப் படித்த பள்ளியின் டி.சி.யை இணைக்க வேண்டும் என்று விண்ணப்பத்தில் ஒரு வரி இருக்கிறது. அந்த வரியை எழுதியதும் நான்தான். டி.சி. எங்கே என்று கேட்டேன். சங்கரன்கோவிலில் இருக்கிறது என்றார். நாற்பத்தாறு வருஷத்துக்கு முன்னால் ஐந்தாம் பாரத்தின் நடுவில் ஜன்னல் வழியாகக் குதித்து மலாயாவுக்கு ஓடி வந்தவராம். அப்படியானால் நீங்கள் இன்னும் அந்தப் பள்ளி மாணவர்தான், ஒரே ஆள் இரண்டு பள்ளியில் படிக்க முடியாது என்று நான் சட்டம் பேசினேன். அப்பா எழுந்து போய்விட்டார். அதற்குப் பிறகு மூன்று வாரம் என்னோடு பேசவில்லை. சாப்பிடும்போது உப்பு வேண்டுமென்றால்கூடப் பூனையிடம்தான் கேட்டார்.

மூன்று வாரம் பொறுத்தேன். நாலாவது வாரம் நானே போய் வாங்கி வருகிறேன் என்று பூனையிடம் சொன்னேன்.

விமானம், சென்னை, ஓட்டல் அறை எல்லாவற்றையும் விட்டுவிடுகிறேன். அவை எல்லோருக்கும் ஒரே மாதிரிதான் இருக்கும். விருதுநகரில் தென்காசி பாசஞ்சர் ஏறிய இடத்திலிருந்து சொல்வதுதான் நியாயம். எனக்கு எதிரே ஒரு வயதான முஸ்லிம் தம்பதி, மடியில் பெரிய டேப் ரிக்கார்டரைக் குழந்தைபோல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ரயில் நகர்ந்ததும் கணவர் மனைவியிடம் மலாய் மொழியில் பேசத் தொடங்கினார். எனக்கு முறுக்கு தொண்டையில் நின்றுவிட்டது.

"இந்தப் பெண்ணைப் பார். ஏறினதிலிருந்து மூன்றாவது முறுக்கு. எங்கே இறங்க வேண்டும் என்றுகூடத் தெரியாத முகம்" என்றார் அவர். "சும்மா இருங்கள், பாவம். வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு வந்திருக்கும்" என்றார் மனைவி. முறுக்கு விஷயத்தில் அவர் தப்பு, சண்டை விஷயத்தில் அந்த அம்மாள் சரி. இரண்டுமே எனக்குக் கோபத்தைக் கிளப்பின. "நாலாவது முறுக்கு, மாமா" என்று நானும் மலாயிலேயே சொன்னேன்.

பெரியவர் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார். அவ்வளவுதான், அதற்கு மேல் நாங்கள் சொந்தக்காரர்கள் ஆகிவிட்டோம். கடையநல்லூர்க்காரர்கள். பினாங்கில் முப்பது வருஷம் கடை வைத்திருந்துவிட்டு ஊர் திரும்பியவர்கள். ஊரார் முன்னால் ரகசியம் பேச மலாய் அவர்களுக்கு அவ்வளவு வசதியாக இருந்திருக்கிறது. எங்கள் தெருவின் மீன் சந்தை, படகுத்துறை, மழைநாளில் சூடாகக் குடிக்கும் லக்சா நூடுல்ஸ் என்று ராஜபாளையத்தில் ஆரம்பித்த பேச்சு நீண்டுகொண்டே போனது. லக்சாவில் புளி எவ்வளவு இருக்க வேண்டும் என்பதில் எனக்கும் அந்த அம்மாளுக்கும் கடுமையான வாக்குவாதம். அந்த வாக்குவாதத்துக்கு நடுவில் சங்கரன்கோவில் வந்தது, நின்றது, போய்விட்டது.

அடுத்த நிலையத்தின் பலகையில் பாம்புக்கோவில் சந்தை என்று எழுதியிருந்தது. "யா அல்லா, ஒன் ஊரு போயிருச்சேம்மா" என்று பெரியவர் பெட்டியை எடுத்து என் கையில் திணித்து என்னை இறக்கிவிட்டார். ரயில் புறப்படும்போது, முகத்தைப் பார்த்தே சொன்னேன் பார்த்தாயா என்று அவர் மனைவியிடம் மலாயில் பெருமையடித்துக்கொண்டது எனக்குக் கேட்டது.

அங்கே பஸ் எப்போது வரும் என்று கேட்டதற்கு, வரும்போது வரும் என்றார்கள். எங்கள் ஊர்ப் படகு பத்து நிமிஷம் தாமதமானாலே பத்திரிகைக்குக் கடிதம் எழுதுகிறவள் நான். இங்கே யாருக்கு எழுதுவது? கடைசியில் சங்கரன்கோவில் சந்தைக்குப் போகும் டிராக்டர் ஒன்றில் இடம் கிடைத்தது. பின்னால் முழுக்க மிளகாய் வத்தல் மூட்டை. காற்று எதிர்த்து அடித்தால் தும்மல், ஒத்து அடித்தாலும் தும்மல். முன்னால் உட்கார்ந்து ஓட்டிய மனிதர் ஒரு தடவைகூடத் தும்மாமல், என் ஒவ்வொரு தும்மலுக்கும் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டு வந்தார். கோபுரம் கண்ணில் பட்டபோது நான் அதைக் கண்ணீர் வழியாகத்தான் பார்த்தேன். பக்தி என்று நினைத்து அவர் வண்டியை நிறுத்தினார்.

அப்பாவின் பள்ளிக் கூட்டாளி கோமதிநாயகம் மாமா, காலையிலிருந்து ரயிலடியில் காத்திருந்துவிட்டு, வராத என்னை நினைத்துப் பதறிப்போய் அப்போதுதான் வீடு திரும்பியிருந்தார். எட்டு விசைத்தறிகள் ஓடும் கொட்டகை, அதை ஒட்டியே வீடு. நான் டிராக்டரிலிருந்து இறங்கி அவர் முன்னால் நின்று மூன்று முறை தும்மினேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"மூக்கு அவன் மூக்குதான். தும்மலும் அவன் தும்மல்தான் மக்கா" என்றார்.

அந்தத் தெரு முழுக்கத் தறிச் சத்தம். சாப்பாடு, பேச்சு, தூக்கம் எல்லாம் அதன் மேலேதான் நடக்கிறது. அத்தை, அதாவது மாமாவின் மனைவி, இட்லியை நல்லெண்ணெயிலும் மிளகாய்ப்பொடியிலும் புரட்டி என் முன்னால் அடுக்கினார். மிளகாயைப் பார்த்ததும் என் மூக்கு தானாகவே பின்வாங்கியது. ஆனால் கை பின்வாங்கவில்லை. பசியாறியாச்சா என்று நாங்கள் கேட்பதை இங்கே சாப்ட்டாச்சா என்கிறார்கள். கேட்டுவிட்டு, ஆச்சு என்று சொன்னாலும் மறுபடி வைக்கிறார்கள். மத்தியானம் திடீரென்று கரண்டு போய்த் தறிகள் நின்றன. அந்த அமைதியில், அதுவரை தூங்கிக்கொண்டிருந்த தெருவே திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன்.

மறுநாள் காலை மாமா என்னைப் பள்ளிக்கு அழைத்துப் போனார். ஆண்கள் உயர்நிலைப் பள்ளி. வெள்ளைக்காரர் காலத்தில் பருத்தி மூட்டை அடுக்கும் ஒரு கிட்டங்கியில் தொடங்கியது. அந்தக் கிட்டங்கிதான் இன்றைக்கும் பெரிய ஹால். மழை பெய்தால் சுவரிலிருந்து பருத்திக்கொட்டை வாசம் வருமாம். சுவரில் இரண்டு பலகைகள். பெரியதில், வருஷா வருஷம் முதல் மார்க் வாங்கியவர்களின் பெயர்கள் தங்க வர்ணத்தில். சின்னதில், ஒருநாளும் லீவு போடாதவர்களின் பெயர்கள். சின்னப் பலகையில் பெயர் ஏறுவதுதான் பெரிய கௌரவம் என்று மாமா சொன்னார். முதல் மார்க் யாராவது ஒருவனுக்கு வந்துதான் ஆகவேண்டும், லீவு போடாமல் இருப்பது அப்படியா என்று கேட்டார்.

இந்தப் பள்ளியில் யாரும் கை தட்டுவதில்லை. பாராட்ட வேண்டுமென்றால் டெஸ்கைத் தட்டுவார்கள். கிட்டங்கிக் காலத்தில் கை தட்டினால் வெளியே நின்ற வண்டி மாடுகள் மிரண்டனவாம், அதிலிருந்து வந்த பழக்கம். டெஸ்கைத் தட்டினால் மட்டும் மிரளாதா என்று நான் கேட்கவில்லை. விருந்தாளியாக வந்த இடத்தில் முதல் மணி நேரத்திலேயே கேட்கக் கூடாது என்று அடக்கிக்கொண்டேன். ஆண்டு விழா அன்று காலை முதல் மணியைத் தலைமையாசிரியர்தான் அடிப்பார். அவர் எத்தனை அடி தப்பாக அடித்தாலும் அத்தனை நிமிஷம் முன்னால் பள்ளி விடும். இன்றைய தலைமையாசிரியர் மணி அடிப்பதில் சுத்த மோசம் என்று பையன்கள் அவரைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள்.

ஐந்தாம் பாரம் இருந்த அறையையும் பார்த்தேன். இப்போது அது பத்தாம் வகுப்பு. அந்த ஒரு ஜன்னலுக்கு மட்டும் தடித்த இரும்புக் கம்பிகள். அப்பா குதித்த மறுவாரம் போட்டதாம். பள்ளி வரலாற்றில் என் அப்பாவின் பங்களிப்பு அந்த நாலு கம்பிகள்.

தலைமையாசிரியர் ஒல்லியான, மெல்லப் பேசும் மனிதர். நான் வந்த காரியத்தைச் சொன்னதும் எழுத்தரைக் கூப்பிட்டு ஒரு நோட்டைக் கொண்டுவரச் சொன்னார். அதன் அட்டையில் ஏதோ கம்பீரமான ஆங்கிலப் பெயர் இருந்தாலும் எல்லோரும் அதை ஓடிப்போனவன் நோட்டு என்றுதான் சொல்கிறார்கள். விஷயம் இதுதான். பள்ளியின் முதல் தலைமையாசிரியருக்கு, டி.சி. வாங்காமல் போனவன் போனவனே இல்லை. மேலதிகாரிகள் வந்து பேரை அடியுங்கள் என்று சொல்லியும் மறுத்துவிட்டார். ஓடிப்போனவர்களுக்கென்று தனி நோட்டுப் போட்டார். ஒவ்வொருவரும் எதைப் பாதியில் விட்டுப் போனார்கள் என்பதையும் பக்கத்திலேயே எழுதினார். வருஷா வருஷம் ஆண்டு விழாவில் அந்த நோட்டை எடுத்து வருகை எடுப்பார்கள். ஆள் வர முடியாவிட்டால் வேறு யாராவது 'உள்ளேன் ஐயா' சொல்லிப் பெயரைக் காப்பாற்றலாம். ஒரு வருஷம் ஒருவரும் சொல்லாவிட்டால் பேரை அடித்துவிடுவார்கள். பிறகு அவனுக்கு டி.சி. கிடையவே கிடையாது. ஆனால் டி.சி. வேண்டுமென்றால் 'உள்ளேன் ஐயா' மட்டும் போதாது. பாதியில் விட்டதை முடிக்க வேண்டும். அதை அவனோ, அவன் ரத்தத்தில் ஒருவரோதான் செய்ய முடியும்.

எழுத்தர் அப்பாவின் பக்கத்தைத் திருப்பினார். பழுப்பு மையில் இப்படி இருந்தது: ச. சங்கரலிங்கம், ஐந்தாம் பாரம். வராத கோமதிநாயகத்துக்காக 'உள்ளேன் ஐயா' சொன்ன குற்றம். ஒரு பீரியடு பெஞ்சு மேல் நிற்க உத்தரவு. பாதி நின்றான். மீதி பாதி நிற்க வேண்டும்.

நான் மாமாவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் ஐந்தாம் பாரம் இருந்த அறைப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்றைக்கு என்ன நடந்தது என்று பிறகு அவரே சொன்னார். குருவிகுளம் பக்கம் யாருடைய மோட்டார் காரோ பள்ளத்தில் விழுந்துகிடக்கிறது என்று கேள்விப்பட்டு, அதைப் பார்க்க வகுப்பை விட்டு நடந்தே போயிருக்கிறார். போய்ச் சேர்வதற்குள் காரைத் தூக்கி நிறுத்தி ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள். பள்ளத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறார். இங்கே அப்பா அவருக்காக வருகை சொல்லி மாட்டிக்கொண்டு, பெஞ்சில் ஏறி, நாளைக்கு உன் அப்பனைக் கூட்டி வா என்ற உத்தரவையும் கேட்டிருக்கிறார். அன்று சாயங்காலம் ஒரு பெரியப்பா மகன் கப்பலேறக் கிளம்பிக்கொண்டிருந்தது அப்பாவுக்கு ஞாபகம் வந்துவிட்டது. அதன் பிறகு இருவரும் சந்திக்கவில்லை. மாமாவின் கடிதம் மட்டும் வருஷத்துக்கு ஒன்று. அதில் ஒரு வரி மாறாது, இந்த வருஷமும் உனக்காக நான் உள்ளேன் ஐயா சொல்லிவிட்டேன் என்று.

அடுத்தவனுக்காக வருகை சொன்னதற்குத் தண்டனை கொடுத்துவிட்டு, அடுத்தவனே வருகை சொல்லலாம் என்று ஒரு வழக்கத்தையும் வைத்திருப்பது என்ன நியாயம் என்று நான் கேட்டேன். என் வகுப்பில் யாராவது அப்படிச் சொன்னால் நான் விடமாட்டேன். தலைமையாசிரியர் சங்கடமாகச் சிரித்தார். எழுத்தர்தான் மாமாவைக் காட்டிப் பதில் சொன்னார்.

"நம்ம ஊர்ல சாமியே ரெண்டு பேரு ஒரு ஆளா நிக்காரு. அண்ணாச்சி ரெண்டு பேருக்கு ஒரு ஆளா நின்னா என்னம்மா தப்பு?"

பாதி சிவனும் பாதி பெருமாளுமாக ஒரே உருவில் நிற்கும் ஊர்த் தெய்வத்தை அலுவலகச் சாட்சியாகக் கூப்பிட்டுவிட்டால் அதற்கு மேல் என்ன பேசுவது?

பிரச்சினை வேறு இடத்திலிருந்து வந்தது. சங்கரலிங்கம் ஐயாவுக்கு மகன் இல்லையா என்று தலைமையாசிரியர் கேட்டார். நான் ஒரே பிள்ளை என்றேன். ஆண்கள் பள்ளியில், அதுவும் ஆண்டு விழாவில், ஒரு பெண் பெஞ்சு மேல் ஏறிய வழக்கம் இல்லையே, பையன்கள் சிரிப்பார்களே என்று அவர் கையைப் பிசைந்தார். எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. பத்து வருஷமாக எத்தனையோ மாணவிகளை நாற்காலி மேல் ஏற்றி நிற்க வைத்தவள் நான், இந்தப் பள்ளியில் யாரையும்விட எனக்குத்தான் இந்த விஷயத்தில் அனுபவம் அதிகம் என்றேன். என் அப்பா நின்றபோது யாரும் அழுதிருக்க மாட்டார்கள், சிரித்துத்தான் இருப்பார்கள், என்னையும் பார்த்துச் சிரிக்கட்டும் என்றேன். இந்த டி.சி. இல்லாமல் நான் திரும்பினால் இனி ஆயுசுக்கும் பூனை வழியாகத்தான் அப்பாவோடு பேச வேண்டும் என்பதையும் விளக்கினேன். பூனை விஷயம் அவர் மனதைத் தொட்டுவிட்டது போலிருக்கிறது. சரி என்று தலையாட்டினார்.

மூன்றாம் நாள் ஆண்டு விழா. காலையில் தலைமையாசிரியர் மணியை நாலு அடி தப்பாக அடித்தார். ஹால் அதிர்ந்தது. மத்தியானத்துக்கு மேல் பேச்சு, பரிசு எல்லாம் முடிந்து ஓடிப்போனவன் நோட்டு மேடைக்கு வந்தது. பத்துப் பன்னிரண்டு பெயர்கள்தான். சிலவற்றுக்குப் பின் வரிசையிலிருந்து யாரோ உறவினர் 'உள்ளேன் ஐயா' என்றார்கள், அவ்வளவோடு விட்டார்கள். ஒரு நடுத்தர வயது விவசாயி மட்டும், தன் தாத்தா பாதியில் விட்டுப்போன பூகோளப் படத்தை முடிக்கிறேன் என்று எழுந்தார். கரும்பலகையில் ஆஸ்திரேலியா வரைய வேண்டும். ஒரு மாசமாகப் பழகினாராம். தாத்தாவின் ஆஸ்திரேலியா பலாப்பழம் மாதிரி வந்தது. கீழே இருக்க வேண்டிய தீவை மறந்துவிட்டார். முதல் வரிசைப் பையன்கள் சத்தமில்லாமல் விரலால் காட்டிக்கொடுத்தார்கள். அவர் ஒரு புள்ளி வைத்ததும் டெஸ்குகள் முழங்கின. நானும் என்னை மறந்து முன்னாலிருந்த டெஸ்கை அடித்தேன். காப்பியடிப்பதற்கு நான் கொடுத்த முதல் பாராட்டு அதுதான்.

பிறகு தலைமையாசிரியர் படித்தார். "ச. சங்கரலிங்கம், ஐந்தாம் பாரம்."

நான் எழுந்து வாயைத் திறப்பதற்குள் எனக்குப் பின்னாலிருந்து "உள்ளேன் ஐயா" என்று குரல் வந்துவிட்டது. மாமாதான். பழக்கம். சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. கையால் வாயைப் பொத்திக்கொண்டார். நானும் சொன்னேன். ஒரே ஆளுக்கு இரண்டு வருகை என்று எழுத்தர் மேடையிலிருந்து அறிவிக்க, ஹால் சிரித்துத் தீர்த்தது.

பீரியடில் மீதி இருபது நிமிஷம். ஹாலின் நடுவில் ஒரு பெஞ்சைப் போட்டார்கள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினேன். கீழே நிற்கும்போது ஐந்நூறு முகங்கள். மேலே ஏறினதும் அவை ஐயாயிரமாகிவிட்டன. பெஞ்சுக்கு ஒரு கால் குட்டை. நான் மூச்சு விட்டால் அது ஆடும். முதல் மூன்று நிமிஷம் பையன்கள் சிரித்தார்கள். நாலாவது நிமிஷம் நான் என் வகுப்பில் பார்க்கும் பார்வையை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தேன். சிரிப்பு அடங்கியது. வாத்தியார்கள் சிலரும் நேராக உட்கார்ந்ததைக் கவனித்தேன். இந்த மாதிரி நிற்க வைத்து எத்தனை பெண்களின் முகம் சிவக்கப் பார்த்திருக்கிறேன். மேலே நிற்கும்போது காலைவிடக் கைகள்தான் பெரிய தொல்லை, அவற்றை எங்கே வைப்பது என்று தெரிவதில்லை. இது தெரியாமலேயே பத்து வருஷம் தண்டனை கொடுத்திருக்கிறேன்.

பாதி நேரம் ஆனபோது பெஞ்சு பலமாக ஒரு பக்கம் சாய்ந்தது. திரும்பினால் கோமதிநாயகம் மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மறுமுனையில் ஏறிக்கொண்டிருந்தார். முழங்கால் வலி என்று நேற்றெல்லாம் தைலம் தேய்த்துக்கொண்டிருந்த மனிதர். இருவரும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு நடுவுக்கு வந்த பிறகுதான் பெஞ்சு நேரானது. தலைமையாசிரியர் பதறிப்போய், அண்ணாச்சி இறங்குங்கள், இதற்கு ரத்த சொந்தம்தான் செல்லும் என்றார்.

"செல்லாட்டாப் போட்டும் சார். நான் கிளாஸக் கட் அடிச்சேன், அவன் நின்னான். நாப்பத்தாறு வருசமா என் கால்ல இது நமநமன்னு கெடக்கு. எனக்கு டி.சி. வேண்டாம், நிக்க மட்டும் விடுங்க" என்றார் மாமா.

யார் ஆரம்பித்தது என்று தெரியவில்லை. ஒரு டெஸ்க், பிறகு பத்து, பிறகு மொத்த ஹாலும். பத்து நிமிஷம் விடாமல் தட்டினார்கள். பருத்தி வண்டி மாடுகள் இன்றைக்கு இருந்திருந்தால் தென்காசி வரைக்கும் ஓடியிருக்கும். மணி அடித்ததும் நாங்கள் இறங்கினோம். மாமாவை நாலு பையன்கள் கையைப் பிடித்து இறக்கினார்கள். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. மிளகாய்த் தும்மல் இன்னும் போகவில்லை என்று, விழாவுக்கு வந்திருந்த அத்தையிடம் சொல்லிச் சமாளித்தேன்.

அன்றிரவு மாமா கடையிலிருந்து ஆட்டிறைச்சி பிரியாணி வாங்கி வந்தார். சிறிய அரிசி, மிளகுக் காரம், இலையைத் திறந்ததும் மூக்கில் ஏறும் வாசம். எங்கள் ஊர் நாசி கண்டார் சோற்றை இதற்கு முன்னால் நிறுத்தினால் அது தானாகவே பெஞ்சு மேல் ஏறிக்கொள்ளும். நான் இரண்டு பொட்டலம் சாப்பிட்டேன். மாமா ஒன்றைப் பாதியில் வைத்துவிட்டார். காலில் வலியா என்று கேட்டேன். இல்லை என்றார். இலையை மடித்துக்கொண்டே, தறிச் சத்தத்தின் மேலேயே, என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"வருசத்துக்கு ஒரு நாளு அங்கன போயி அவனுக்கு உள்ளேன் ஐயா சொல்லிட்டு வாரேம்லா. அன்னைக்குப் பூரா அவன் ஊர்லயே இருக்காப்புல இருக்கும் மக்கா. சரி, போட்டும். அவன் வெளிய வரணும்னு ஆசப்பட்டான், வந்துட்டான்."

நான் கை கழுவ எழுந்துபோனேன். அப்பா டி.சி. வேண்டுமென்று ஆசைப்பட்டார். அதை வாங்கத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். வாங்கினால் இந்த மனிதரிடமிருந்து எதைப் பிடுங்குகிறேன் என்று ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை. அன்று கரண்டு போகாமலே நான் விழித்துக் கிடந்தேன்.

நாலாம் நாள் காலை பஸ்ஸுக்கு முன்னால் பள்ளி அலுவலகத்துக்குப் போனேன். டி.சி. தயாராக இருந்தது. நின்ற காரணம்: வெளிநாடு செல்லுதல். நடத்தை: நன்று. தலைமையாசிரியரின் கையெழுத்து, முத்திரை எல்லாம் சுத்தமாக இருந்தன. அதை மடித்துப் பைக்குள் வைத்தேன். எழுத்தர் ஓடிப்போனவன் நோட்டைத் திறந்து, அப்பாவின் பெயருக்கு எதிரே காலியாக இருந்த கட்டத்தைக் காட்டினார். பெற்றுக்கொண்டேன் என்று நான் கையெழுத்துப் போட்டால், அவர் சிவப்பு மையால் பெயரை அடிப்பார். கையெழுத்து இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று சும்மா கேட்கிற மாதிரி கேட்டேன்.

"பேரு அப்படியேதான் கெடக்கும். அடுத்த வருசமும் கூப்புடுவோம்" என்றார்.

பேனாவைக் கையில் வாங்கினேன். என் பள்ளியில், கையெழுத்துப் போடாமல் காகிதம் வாங்கிப் போக முயன்ற பெற்றோரைக் கேட்டிலிருந்து திரும்பக் கூட்டிவந்திருக்கிறேன். ஒரே ஆள் இரண்டு பள்ளியில் இருக்க முடியாது என்று சொந்த அப்பாவையே விரட்டியிருக்கிறேன். பேனாவை மூடி நோட்டின் மேல் வைத்தேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றேன். எழுத்தர் என்னைப் பார்த்தார், காலிக் கட்டத்தைப் பார்த்தார், பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மெதுவாகத் துடைக்கத் தொடங்கினார். நான் வாசலைத் தாண்டும்வரை துடைத்துக்கொண்டே இருந்தார்.

இந்த மாதத்திலிருந்து அப்பா என் பள்ளியின் மாலை வகுப்பில் முறைப்படி சேர்ந்த மாணவர். முதல் பெஞ்சில்தான் உட்காருகிறார். உப்பை என்னிடமே கேட்கிறார். சங்கரன்கோவிலிலும் அவர் பெயர் அடிக்கப்படாமல் இருக்கிறது என்பது அவருக்கு இன்னும் தெரியாது. இதைப் படித்தால் தெரிந்துகொள்ளட்டும்.

அன்று பஸ் நிலையத்தில் மாமா எனக்கு ஜன்னலோரம் இடம் பிடித்து, துண்டைப் போட்டு வைத்திருந்தார். மடியில் ஒரு சேவுப் பொட்டலத்தையும் வைத்தார். டி.சி. வாங்கியாச்சா, பத்திரமாக வைத்தாயா என்று கேட்டார். வைத்தேன் என்றேன். இனிமேல் ஆண்டு விழாவுக்கு எனக்கு என்ன சோலி, வீட்டில் கிடக்க வேண்டியதுதான் என்று வேறு பக்கம் பார்த்துச் சொன்னார்.

"நோட்டுல நான் கையெழுத்துப் போடல, மாமா" என்றேன்.

அவருக்குப் புரியச் சற்று நேரம் ஆனது. பஸ் கிளம்பிவிட்டது. ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி கூடவே நடந்து வந்தார். முகம் கொஞ்சம் கொஞ்சமாக விரிந்தது. நான் வந்ததிலிருந்து மக்கா, மக்கா என்று பதவிசாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தவர், முதல் தடவையாகச் சொந்த மகளைத் திட்டுவதுபோல் திட்டினார்.

"ஏட்டி, நீயெல்லாம் ஒரு டீச்சரா?"

கண்டக்டர் என்ன தகராறோ என்று எட்டிப் பார்த்தார். மாமா கம்பியை விட்டுவிட்டு, பஸ் நிலையத்தின் நடுவில் நின்று, இடுப்பில் கை வைத்துக்கொண்டு, குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தார். எனக்குக் கை காட்டக்கூட முடியவில்லை. நானும் சிரித்துக்கொண்டிருந்தேன்.